கோச்சைக் காய்

தாரணிக்கு வேண்டியது ஒரே ஒரு தலை. கரியன் என்கிற அரக்கனின் தலை. அதற்காகத்தான் திருப்பூரில் பன்னிரண்டு வருஷம் ஓட்டிய ஓவர்லாக் தையல் மிஷினை விட்டுவிட்டு, மூன்று மாதமாகத் தாராபுரம் ரோட்டுத் தகரக் கொட்டகையில் ரத்த வாடைக்குள் கிடக்கிறாள். சோறு இறங்குகிறதா என்று கேட்காதீர்கள். இறங்கவில்லை.

இன்றைக்கு அந்தத் தலை விழுந்துவிடும் போலத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் சுற்றில் விழுந்ததெல்லாம் மற்றவர்களுடைய தலை. கம்பிவலைக்குள்ளே கரியன் கோடாலியைத் தோளுக்கு மேல் தூக்கி இறக்கியதும், பூபதி அணியின் வில்லாளி கழுத்திலிருந்து விலா வரைக்கும் பிளந்து சிமென்ட் குன்றின் மேல் சரிந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஈட்டிக்காரன் ஓடப் பார்த்தான். கரியன் அவன் காலைப் பிடித்து இழுத்து, துணி துவைக்கிற மாதிரி பாறையில் இரண்டு அடி அடித்தது. மூன்றாவது அடிக்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கொட்டகையே எழுந்து நின்று விசிலடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணி தின்ற வாயோடு, குழந்தை குட்டியோடு வந்திருந்த ஜனம்!

"அட நாசமாப் போறவனே, செத்துத் தொலையேன்டா!" என்று வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் தாரணி. தொண்டை கட்டி ஒரு வாரமாகிறது. அப்படியும் கத்தினாள்.

ஆடுகளத்துக்கு மேசை என்று பேர்தானே தவிர அது முழங்கால் உயரத்தில் ஒரு பெரிய மேடை. ஒரு காலத்தில் இந்த 'எல்லைக்காடு' ஆட்டத்தை நாலு பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காகிதமும் பென்சிலும் பிளாஸ்டிக் பொம்மையுமாக ஆடினார்களாம். யாருக்கும் ஒரு கீறல் விழாதாம். கொடுத்து வைத்தவர்கள். அந்தப் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது ஆடுவது உயிர்க்காய். தொட்டியில் ஒன்பது மாதம் வளர்த்தெடுத்த, மனிதனின் தொடை உயரத்துக்கு நிற்கிற காய். வெட்டினால் ரத்தம் வரும், வலித்தால் கத்தும், செத்தால் நாறும்.

ஒவ்வொரு காயின் மண்டைக்குள்ளும் கம்பெனிக்காரன் இரண்டு பூட்டுப் போட்டு அனுப்புவான். ஒன்று குணப்பூட்டு: காய் நல்லதா, கெட்டதா. இன்னொன்று கொடிப்பூட்டு: காய் யார் பக்கம். நல்ல காய் கீழே விழுந்தவனை வெட்டாது. வெட்ட வைக்க வேண்டுமென்றால் அதன் ஆட்டக்காரன் இருபதுமுகப் பகடையை உருட்டிப் பதினெட்டுக்கு மேல் போட வேண்டும். கெட்ட காய்க்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. விழுந்தவன், ஓடுகிறவன், கும்பிடுகிறவன் எல்லாம் அதற்கு ஒன்றுதான். வீரர்களை ஆட்டக்காரர்கள் நடத்துவார்கள். அரக்கன், குறளி, பூதம் என்று கெட்டதையெல்லாம் நடத்துகிறவர் மேசைக்காரர். இந்தக் கொட்டகைக்கு மேசைக்காரர் வெள்ளியங்கிரி.

சட்டமும் அதற்குத் தகுந்தாற்போல்தான். நல்ல காய் ஒரு மனிதனைக் கீறினால்கூட அந்தக் காயையும் அதே வார்ப்பில் வந்த அத்தனை காயையும் எரித்துவிட வேண்டும். ஆட்டக்காரனுக்கு ஆயுசுக்கும் தடை. கெட்ட காய் மனிதனைக் கொன்றால்? ஒன்றுமில்லை. "மாடு குத்துனா மாட்டு மேல கேஸ் போடுவாங்களாம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். தம்பி மிதுனின் பிணத்தை வாங்க ஆஸ்பத்திரி வாசலில் நின்றவளிடம் அப்படிக் கேட்டார்.

மிதுனுக்கு இருபத்துநாலு வயசு. அப்பா அம்மா போன பிறகு தாரணி மிஷின் மிதித்து வளர்த்த பிள்ளை. வெள்ளியங்கிரியிடம் காய்களைக் கவனிக்கிற தண்ணிக்காரனாக வேலைக்குச் சேர்ந்து, கரியனைப் பார்த்துக்கொண்டான். தினமும் போன் போட்டு அதன் புராணந்தான். "அக்கா, எல்லாரையும் கடிக்குது. என்ற மடியில மட்டும் தலைய வெச்சுத் தூங்குதுக்கா." இவள், "கெட்டதுன்னு எழுதியே குடுத்திருக்கான், எட்ட இருடா பொறுக்கி," என்று வைதாள். ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், பயிற்சி ஆட்டத்தின்போது மேசைக்குள்ளே போனவன் உள்தொடை கிழிந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் ரத்தமெல்லாம் வடிந்து செத்தான். கூட இருந்து பார்த்தது எதிரணி ஆட்டக்காரன் பூபதி ஒருவன்தான். கரியன்தான் வெட்டியது என்று சொன்னவனும் அவன்தான். மிதுன் அந்த அரக்கனை நம்பினான், அந்த நம்பிக்கைதான் அவனைக் கொன்றது என்று தாரணி மனசுக்குள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிக்கொள்வாள்.

இடைவேளை மணி அடித்தது.

பூபதியின் வீரக்காய் செம்பியன் வலைக் கதவு வழியாக வெளியே வந்து, நேராகத் தாரணி மடியில் ஏறி உட்கார்ந்தது. செக்கச்செவேலென்று, அகன்ற மார்பும் சுருள் முடியுமாக, ஊரே ஆசைப்படுகிற காய். இடது புருவம் கிழிந்து தொங்கியது. தாரணி வாய் நிறையத் தண்ணீரை எடுத்து அதன் முகத்தில் புஸ்ஸென்று ஊதினாள். செம்பியன் கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டது. இன்னொரு வாய் எடுத்து நெஞ்சில் ஊதி ரத்தத்தைத் துடைத்தாள்.

இந்த ஊதல் கம்பெனி புத்தகத்தில் இல்லாத வித்தை. வெள்ளியங்கிரியும் அவர் கூட்டாளிகளும் மேசைக்கு வருவதற்கு முன்னால் சேவக்கட்டு ஆடியவர்கள். சேவல் களைத்தால் முகத்தில் தண்ணி ஊதுவார்கள். அது சிலிர்த்துக்கொண்டு எழும். காயும் அப்படித்தான் எழுந்தது. தோற்ற சேவலைக் கோச்சை என்று ஜெயித்தவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கிற வழக்கமும் கூடவே வந்துவிட்டது. காயைத் தின்ன முடியாது, அதனால் வழக்கம் கொஞ்சம் மாறியது. தோற்ற காயை ஜெயித்த அணியின் தண்ணிக்காரர் தன் கையாலேயே முடித்துவிட வேண்டும். ஜெயித்த காயை விட்டு வெட்டச் சொல்லலாமே என்பீர்கள். நல்ல காய் விழுந்ததை வெட்டாதே, பகடை அல்லவா விழ வேண்டும். மனிதனுக்கு அந்தப் பகடை தேவையில்லை.

அதற்காகத்தான் தாரணி இந்த வேலைக்கு வந்தாள். தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பூபதியிடம் போய், "உங்க காய்க்கு நான் தண்ணி ஊதறனுங்ணா. கரியன் கோச்சையாகற அன்னிக்குக் கத்தி என்ற கையில இருக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள். பூபதி சரி என்றான். அவன் கண் கலங்கியதை இவளே பார்த்தாள். முதல் வாரம் செம்பியன் இவளைக் கண்டாலே உறுமியது. ஒரு நாள் மணிக்கட்டில் வாளால் ஒரு இழு இழுத்துவிட்டது, நாலு தையல். நல்ல காய் மனிதரைக் கீறுமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். "புது ஆளுங்க, அதான். வெளிய சொல்லிப்போடாத அம்மிணி, காய எரிச்சுப்போடுவாங்க," என்றான் பூபதி. கரியனைக் கொல்ல இருக்கிற ஒரே காயை எரிக்க விடுவாளா? வாயை மூடிக்கொண்டாள். பத்து நாள் தண்ணி ஊதியதும் அதுவும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டது.

"எப்படி இருக்கறான் நம்ம ராசா?" என்று பூபதி வந்து குனிந்தான். நாற்பது வயசு, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம்.

"வலது தோள் கொஞ்சம் எறங்கியிருக்குதுங்ணா. கீழ இருந்து மேல வெட்டச் சொல்லுங்க. கரியனுக்கு எடது பக்கம் சரியாத் தெரியறதில்ல. எந்தம்பி சொல்லியிருக்கறான்."

பூபதி செம்பியன் தலையைத் தடவக் கையை நீட்டினான். அது முகத்தைத் திருப்பித் தாரணி கழுத்துக்கடியில் புதைத்துக்கொண்டது. "ஆத்தாடி, பெத்தவள மறந்துட்டு வளத்தவகிட்ட ஒட்டிக்கிச்சு," என்று சிரித்துவிட்டுப் போனான்.

வெள்ளியங்கிரி அந்தப் பக்கத்திலிருந்து வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அறுபது தாண்டிய ஆள். "அம்மிணி, உன்ற தம்பி போன பொறகு கரியன் யாரையும் பக்கத்துல விடறதில்ல. தண்ணி ஊதப் போனவன் வெரலத் துண்டாக்கிருச்சு. ராத்திரியெல்லாம் கூண்டுக்குள்ள ஊளையுடுது. நானாவே கொன்னுபோட்டிருப்பன். கூட்டம் அதுக்குத்தான் வருது, என்ன பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்கய்யா. நான் பண்ணிக்கறன்."

மூன்றாம் சுற்று பத்து நிமிஷந்தான். கரியனும் செம்பியனும் மட்டும். கரியன் வந்த வேகத்தில் பிளாஸ்டிக் மரங்கள் பிய்த்துக்கொண்டு பறந்தன. கோடாலி செம்பியன் கேடயத்தை இரண்டாகப் பிளந்து, பிடித்திருந்த கையில் இரண்டு விரலையும் கொண்டுபோனது. செம்பியன் பின்வாங்கிப் பின்வாங்கிக் கோட்டைச் சுவரோடு ஒட்டியது. பூபதி பகடையைக் கைக்குள் குலுக்கி, சாமியைக் கும்பிட்டு உருட்டினான். இருபது!

"கீழ இருந்து மேல! எடப்பக்கம்!" என்று மைக்கில் அலறினான்.

செம்பியன் முட்டி போட்டு, வாளைக் கீழேயிருந்து ஏற்றியது. கரியனின் இடது கை தோளோடு அறுந்து காற்றில் சுற்றிப் போய் வலையில் அடித்தது. அதே வீச்சில் திரும்பி, குதிகால் நரம்பை அறுத்தது. கரியன் முகங்குப்புற விழுந்து, ஒற்றைக் கையால் கோடாலியை ஊன்றி எழப் பார்த்து, மறுபடி விழுந்தது. செம்பியன் வாளைத் தாழ்த்தி இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டது. நல்ல காய்.

"கோச்சை!" என்று கையைத் தூக்கினார் வெள்ளியங்கிரி.

தாரணி கத்தியோடு வலைக்குள் போனாள். ஜனம் பேரைச் சொல்லிச் சொல்லித் தட்டியது. அக்கா வந்திருக்கிறாள், தம்பிக்குப் பழி தீர்க்கப் போகிறாள் என்று மைக்கில் எவனோ வர்ணனை வேறு செய்தான். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. முன்னால் கிடந்தது அந்தக் கறுத்த முதுகு, ரத்தத்தில் வழுக்கிக்கொண்டு.

காலடிச் சத்தம் கேட்டுக் கரியன் திரும்பிக் கோடாலியை ஓங்கியது. ஓங்கியது அப்படியே நின்றது. மூக்கு விடைத்தது. ஒரு தரம் முகர்ந்தது, மறுபடி முகர்ந்தது. பிறகு கோடாலியைக் கீழே வைத்தது. விழவில்லை ஐயா, வைத்தது. மெல்ல நகர்ந்து அவள் காலடிக்கு வந்து, கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்து, முகத்தை மேலே நிமிர்த்திக் காட்டியது.

நடிக்கிறது, சனியன் என்று நினைத்தாள் தாரணி. இப்படித்தான் அவனையும் ஏமாற்றியிருக்கும். குனிந்து முடியைப் பிடித்துக் கழுத்தில் கத்தியை இறக்கினாள். தோல் தடியாக இருந்தது. முதல் வெட்டுப் பாதிதான் போயிற்று. ரத்தம் அவள் முகத்தில் பீறிட்டது. இரண்டாவது வெட்டுக்குக் கத்தி எலும்பில் மாட்டிக்கொண்டது. காலால் முதுகை மிதித்து இழுக்க வேண்டியிருந்தது. அந்த நேரமெல்லாம் அதன் ஒற்றைக் கை சும்மா இருந்தது. ஒரு தரம் மட்டும் மேலே வந்து அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது வெட்டில் முடிந்தது.

முடிந்ததும் நெஞ்சு குளிரும் என்றுதான் மூன்று மாதமாக நினைத்திருந்தாள். குளிரவில்லை. கையெல்லாம் வழுவழுவென்றிருந்தது.

வலைக்குள் பூபதிக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்திருந்த பூட்டுக்காரப் பெண் நறுமுகை, முப்பது வயசிருக்கும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். மேசையில் செத்த காயின் பூட்டைப் படித்துப் பதிவு செய்வது அவள் வேலை. கரியனின் தலையை எடுத்து நெற்றியில் பூட்டு படிக்கிற மானியை வைத்தாள். திரையைப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"அக்கா, இதுக்குத் தண்ணி ஊதுனது யாரு?"

"எந்தம்பி. ஏனுங்க?"

"கொடி மேசைக்காரர் பேர்ல இல்லக்கா. வேற யாரோ. கம்பெனியில பூட்டுப் போடும்போது கொடிக்காரர் எச்சில் ஒரு சொட்டு கலந்து குடுப்போம். அந்த வாசனை யாருதோ அவங்கதான் காய்க்குக் கொடி. சாகற வரைக்கும் அவங்களை அது தொடாது. மத்த ஊர்ல எல்லாம் இது மாறுனதே இல்ல. நீங்கதான் வாய்த்தண்ணிய ஊதி ஊதி..." அவள் நிறுத்தினாள். "இது உங்க தம்பியைக் கொடியா எடுத்துக்கிட்டிருக்கு. ஒரு வருஷத்துக்கு முன்னாலயே."

"அப்ப... கொன்னது?"

"இது கொல்ல முடியாதுக்கா. கெட்ட குணம் எழுதியிருந்தாலும் தன் கொடிய வெட்டாது. நீங்க கூடப்பிறந்தவங்க, வாசனை பாதிக்குப் பாதி ஒண்ணா இருக்கும். அதனாலதான் உங்ககிட்டயும் கோடாலிய வெச்சிருச்சு."

தாரணி தன் முந்தானையைப் பார்த்தாள். அந்தக் கை இன்னும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. "ஐயோ," என்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கும்போது கண்ணீர் கொட்டியது. தம்பி செத்த அன்றுகூட இப்படி அழவில்லை.

பிறகு எழுந்து செம்பியனைக் காட்டினாள். "அதுக்கு வெச்சுப் பாரு கண்ணு."

உயிரோடிருக்கிற நல்ல காயை வருஷத்துக்கு ஒரு தடவைதான் படிப்பார்கள். நறுமுகை தயங்கினாள். தாரணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தாள். செம்பியன் ஆடாமல் நின்றது.

"குணம் நல்லது. கொடி இப்ப நீங்க. அதுக்கு முன்னால பூபதி சார்." அவள் குரல் இறங்கியது. "எதிர்க்கொடி ஒண்ண வெட்டி முடிச்சதாப் பதிவு இருக்கு. ஆகஸ்ட் நாலு, பகல் பதினொன்னு நாப்பது."

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள். பன்னிரண்டு மணிக்குத் தாரணிக்குப் போன் வந்தது.

"நல்ல காய்னீங்களே? மனுசன வெட்டுமா?"

"அதுக்கு மனுசன், காய்ங்கற வித்தியாசமெல்லாம் கிடையாதுக்கா. கொடி மட்டுந்தான். நல்ல காய்னா, தன் கொடிக்காரரைக் காப்பாத்தணும், கெட்ட கூட்டத்தோட கொடிய ஒழிக்கணும். அப்படித்தான் எழுதியிருக்கோம். கரியன் மேல அடிச்ச வாசனை பூராவும் உங்க தம்பியோடது. கரியனுக்கு அடிபட்டதும் அவர் தண்ணியோட உள்ள ஓடி வந்திருப்பாரு. இதைப் பொறுத்தவரைக்கும் வந்தது எதிரிக் கூட்டத்துத் தலைவன்." நறுமுகை நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "மனுசங்களுக்குக் கொடி இருக்காதுன்னு நெனச்சுட்டோம்."

"நிறுத்தறதுக்கு வழியே இல்லீங்களா?"

"இருக்கே. வெட்டு, குத்துன்னு மைக்கில ஆட்டக்காரர் சொல்றதக் காய் கேக்கும், ஆனா நிறுத்தறது கொடிக்காரர் மட்டுந்தான். அவர் 'போதும்'னு ஒரு வார்த்தை சொன்னா எந்தக் காயும் அந்த எடத்துலயே நின்னுரும்."

தாரணி திரும்பினாள். பூபதி மாலையைக் கழற்றிக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தான். கேட்டிருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. சந்தனம் வேர்வையில் வழிந்தது. போட்டோக்காரர்கள் வெளியே போயிருந்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து பாடைக்குத் தோள் கொடுத்தவன் இவன்தான். அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

"சொன்னீங்களா?" என்றாள்.

"என்னம்மிணி?"

"'போதும்'னு சொன்னீங்களா? எந்தம்பி உள்ள வந்தப்ப?"

பூபதி உதட்டை நனைத்துக்கொண்டான். "நான் என்ன கண்டன்? நல்ல காய்தானேன்னு இருந்துட்டன். ஆட்டம் ஜெயிக்கற நேரம்... கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"அவன் கத்துனானுங்களா?"

பூபதி கையிலிருந்த மாலையைக் கீழே போட்டான்.

"கத்துனானான்னு கேட்டனுங்க."

"உம் பேரைச் சொல்லித்தான் கத்துனான்," என்று சொல்லிவிட்டான் மனுஷன். ஏன் சொன்னானோ. மூன்று மாதம் உள்ளே கிடந்து அழுகியது, வாய் வழியே வந்துவிட்டது. சொன்னதும் பயம் பிடித்துக்கொண்டது. நெருங்கி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "இங்க பாரு, சத்தம் போடாத. எட்டுக் காய் இதே வார்ப்பு, அத்தனையும் எரிச்சுப்போடுவாங்க. உள்ள வா, பேசிக்கலாம்." அவள் உதறினாள். அவன் முறுக்கினான். அவள் கையிலிருந்த கத்தி மேடையில் விழுந்து ஓசைப்பட்டது.

செம்பியன் தலையைத் திருப்பியது.

நறுமுகை பின்னால் நகர்ந்தாள். "சார், அக்கா கைய விடுங்க. உடனே விடுங்க."

பூபதி காயைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். "அது என்ன பண்ணும்? நல்ல குணம். மனுசன வெட்டாது."

"எந்தம்பியும் மனுசந்தானுங்க," என்றாள் தாரணி.

முதல் வெட்டு முழங்காலுக்கு மேலே விழுந்தது. பூபதி வீறிட்டுக்கொண்டு அவள் கையை விட்டான். விட்டிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. "போதும்!" என்றான். "செம்பியா, போதும்! போதும்டா!" செம்பியன் கேட்கவில்லை. யார் இந்த ஆள் என்கிற மாதிரிதான் அவனைப் பார்த்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நொண்டிக்கொண்டே கம்பிவலையில் தொற்றினான்.

வலைக்கு வெளியே ஜனம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. வெள்ளியங்கிரி ஓடி வந்தார். "விழுந்துரு பூபதி! கீழ விழுந்துரு! விழுந்தவன அது வெட்டாது!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார். எத்தனை வருஷம் ஆடியவன், அந்த விதி அவனுக்குத் தெரியாததா? ஆனால் சாவு பயத்தில் கம்பியைப் பிடித்தவன் கை விடுமா? இரண்டு கையாலும் வலையை இறுக்கிக்கொண்டு நின்றான். நின்றவனை வெட்ட நல்ல காய்க்குப் பகடை வேண்டியதில்லை. இரண்டாவது வெட்டு இடுப்பில் விழுந்தது. வெள்ளைச் சட்டை பின்பக்கமெல்லாம் சிவந்தது.

"அம்மிணி!" வெள்ளியங்கிரி இப்போது தாரணியைப் பார்த்துக் கைகூப்பினார். "நீ சொன்னாத்தான் கேக்கும். சொல்லு தாயி. ஒரு வார்த்த."

"அக்கா, சொல்லுங்கக்கா!" என்று அழுதாள் நறுமுகை.

கொட்டகை முழுக்க 'போதும்', 'போதும்' என்று கத்தியது. சற்று முன்பு விசிலடித்த அதே வாய்கள். செம்பியன் வாளை ஓங்கிக்கொண்டு, ஒரு நொடி திரும்பித் தாரணியைப் பார்த்தது. கேட்கிற பார்வை. அவள் சொன்னால் அங்கேயே வாளைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

தாரணியின் நாக்கில் அந்தச் சொல் இருந்தது. தொண்டை கட்டியிருந்தாலும் சொல்லியிருக்கலாம். பூபதி தலையைத் திருப்பி, "அம்மிணி, எனக்கு ரெண்டு புள்ளைங்க," என்றான். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வாள் உள்தொடையில் இறங்கியது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. ஆம்புலன்ஸுக்கு யாரோ போன் செய்துகொண்டிருந்தார்கள். வரட்டும், மெதுவாகவே வரட்டும்.

செம்பியன் வாளை மேடையில் துடைத்துவிட்டு, மூன்று விரல் கையோடு தத்தித் தத்தி வந்து அவள் முழங்காலில் சாய்ந்தது. வேலை முடிந்த களைப்பு. அதன் முகத்தில் கோபமோ வெறியோ துளிகூட இல்லை. மிதுனை வெட்டிய கை இதுதான். இதைத்தான் மூன்று மாதமாக மடியில் போட்டு வளர்த்திருக்கிறாள். தள்ளிவிட வேண்டும் என்று நினைத்தாள், கை வரவில்லை. அதன் தலை மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நறுமுகை வந்தாள். வேலைப் பழக்கமோ, வேறு என்ன செய்வதென்று தெரியாமலோ, செம்பியன் நெற்றியில் மானியை வைத்தாள். திரையைப் பார்த்துப் படித்தாள்.

"குணம் நல்லது," என்றாள். "ஒண்ணும் மாறல."

"அத எனக்கு வெச்சுப் பாரு சாமி," என்றாள் தாரணி.

"இது மனுசங்களுக்கு இல்லக்கா."

"பரவால்ல. வெச்சுப் பாரு. என்ன காட்டுதுன்னு நான் தெரிஞ்சுக்கோணும்." நெற்றியில் காய்ந்துகொண்டிருந்த ரத்தத்தைப் புறங்கையால் தேய்த்து இடம் பண்ணிக் காட்டினாள். "இங்க வை."

நறுமுகை மானியைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.